ஏன் முசியேயும் சந்தனப் பொட்டும்

‘சர்வர் டவுன்’ என்ற பதிலைக் கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பாத ஒரே மனிதர் உலகத்திலேயே எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தார். பிரெஞ்சுக்காரர், கம்ப்யூட்டர் வேலை. எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரர் யாரானாலும் முசியேதான். இவர் எதைச் சொன்னாலும் “ஏன்?” என்பார். லாஸ்பேட்டையில் எங்கள் தெருவுக்கே அவர் ‘ஏன் முசியே’.

கரண்ட் போனால் நாங்கள் விசிறியைத் தேடுவோம். அவர் டிரான்ஸ்பார்மரைத் தேடிப் போவார். ஒருமுறை இன்டர்நெட் நின்றதும் கேபிளைப் பிடித்தபடியே நடந்து, நாலு தெரு தாண்டி ஒரு கல்யாணப் பந்தலில் போய் நின்றார். பந்தல்காரர் அந்தக் கேபிளால்தான் வாழைமரத்தைக் கட்டியிருந்தார். முசியே சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் அரசாங்கக் கட்டடத்தைப் பார்த்தாலே எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போய்விடுவேன். முசியேயின் தங்கும் அனுமதி முடிகிற நாளன்று, வீட்டுக்காரன் என்று என்னையும் ஓர் அலுவலகத்துக்கு இழுத்துப் போனார். அன்றைக்குள் கைரேகை பதியாவிட்டால் அவர் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். கூடவே என்னையும் விமானத்தில் ஏற்றிவிடுவார்களோ என்று எனக்குப் பயம்.

கிளார்க் அம்மா நிமிரவேயில்லை. “சர்வர் டவுன் சார். ஆயுத பூஜைலேர்ந்து இப்படித்தான். யார் விரல் வெச்சாலும் எடுக்க மாட்டேங்குது.”

“ஏன்?”

“டவுன்னா டவுன்தான் சார். இதுல ஏன் என்ன?”

“வாங்க முசியே, போயிடலாம்” என்று சட்டையை இழுத்தேன். அதற்குள் அவர் ரேகை மிஷின்மேல் குனிந்துவிட்டார். பூஜையன்று எல்லா மிஷினுக்கும் சந்தனம் வைத்திருக்கிறார்கள். இதற்கு நெற்றி எது என்று தெரியாமல், விரல் வைக்கிற கண்ணாடியிலேயே வைத்துவிட்டார்கள். அது காய்ந்து அப்பிக் கிடந்தது.

முசியே கைக்குட்டையை எடுத்தார்.

“சாமிப் பொட்டு சார் அது. தொடச்சுக் கீழ போடக் கூடாது” என்றார் அந்தம்மா.

இப்போது ‘ஏன்’ வரப்போகிறது, அதோடு கதை முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். வரவில்லை. “எங்கே வைக்கலாம்?” என்று மட்டும் கேட்டார்.

அந்தம்மா யோசித்தார். “நெத்தில வெச்சுக்கங்க. தப்பில்ல.”

பாட்டிலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, சந்தனத்தை விரலால் வழித்து நெற்றியில் இட்டுக்கொண்டார். மிஷின் முதல் தடவையிலேயே ரேகையை எடுத்தது.

“போட்டோவும் பொட்டோடவே எடுத்துடவா சார்?” என்று கேட்ட அந்தம்மா முதல் தடவையாகச் சிரித்தார்.

இன்னும் ஒரு வருஷம் கிடைத்தது. வீட்டுக்கு வந்து, மாடியில் அவர் செருப்பை உதறிப் போடுகிற சத்தம் கேட்டபோதுதான் தெரிந்தது, நாள் முழுக்க நான் பயந்தது எனக்காக இல்லை என்று.