ரிஜெக்ட் அக்கா விண்டோஸை ஏற்றுக்கொண்ட கதை

பினாங்குத் தீவில் ரிஜெக்ட் அக்காவின் கண்ணுக்குக் குறையில்லாமல் தெரிந்த பொருள் என்று ஒன்றுகூடக் கிடையாது. மனிதர்கள் செய்த பொருள்களை மட்டும் நான் சொல்லவில்லை. ஒரு நாள் மாலை பஸ் ஜன்னல் வழியாக வானவில்லைப் பார்த்துவிட்டு, "இடது பக்கம் கலர் கொஞ்சம் மங்கல்லா" என்று சொன்னவர் அவர்.

பாயான் லெப்பாஸில் நாங்கள் வேலை பார்த்த தொழிற்சாலையில் அக்கா தரச் சோதனைப் பிரிவு, நான் ஸ்டோர். சர்க்யூட் பலகைகளைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்து, ஈயம் சரியாகப் பிடிக்காத இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவருடைய வேலை. அம்பு விழுந்த பலகை ரிஜெக்ட். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வேலை முடிந்ததும் அந்த ஸ்டிக்கர் சுருளும் அவருடைய கைப்பையில் ஏறி வீட்டுக்குக் கிளம்பிவிடும்.

எங்கள் தொழிற்சாலை பஸ்ஸில் கிழிந்த சீட்டுக்கெல்லாம் அம்பு இருக்கும். கேன்டீனில் உப்புக் கூடிப்போன மீ கோரெங் நூடுல்ஸ் தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது தட்டின் விளிம்பில் ஒரு அம்பு இருக்கும். என் சட்டையில் பட்டன் போன இடத்தில் எனக்கே தெரியாமல் ஒட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அன்று முழுக்கத் தொழிற்சாலையே என் தொப்புளைப் பார்த்துக்கொண்டிருந்தது. தேவாலயப் பாடகர் குழுவில் சுருதி சேராத ஒருவரின் பாட்டுப் புத்தகத்திலும் அக்கா ஒரு அம்பு ஒட்டினார். அவர் அதை ஏதோ பாராட்டு என்று நினைத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு இன்னும் சத்தமாகப் பாடினார்.

பெண் பார்க்க வந்தவர்களிலும் பலரைத் தள்ளிவிட்டு, கடைசியில் ஒரு லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டார்.

"அப்ப அண்ணே மட்டும் பாஸாக்கா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பாஸா? யாரு சொன்னா? ரீவொர்க் பண்ணி எடுத்துக்கிட்டேன்லா."

ரீவொர்க் என்றால் பழுது பார்த்துச் சரிசெய்வது. அண்ணன் ஓயாமல் கோலாலம்பூர், ஜொகூர் என்று லாரியிலேயே சுற்றுவதற்கு அதுதான் காரணம் என்று பஸ்ஸில் ஒரு பேச்சு உண்டு.

இப்படிப்பட்ட அக்கா ஒரு நாள் கைப்பையிலிருந்து கறுப்பாக ஒரு பெட்டியை எடுத்து மடியில் வைத்தார். நடுவில் திரை, இரண்டு பக்கமும் பட்டன்கள், கட்டைவிரலுக்கு இரண்டு குமிழ்கள். கையில் வைத்து விளையாடுகிற கம்ப்யூட்டர். கொம்தார் கட்டடத்துப் பக்கத்துக் கடையில் வாங்கினாராம். கடைக்காரச் சீனர், "அண்டி, அனாக் புஞ்ஞா கா?" என்று, மகனுக்கா எனக் கேட்டிருக்கிறார். "சாயா புஞ்ஞாலா!" என்று, எனக்குத்தான் என அக்கா போட்ட சத்தத்தில் அடுத்த கடைக்காரரும் எட்டிப் பார்த்தாராம்.

பஸ்ஸே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, ஜெபமாலை இருக்கிற பையில் இது எதற்கு? பக்கத்து சீட்டில் இருந்ததால் எனக்கு மட்டும் காரணம் சொன்னார்.

அவருக்கு ஒரே மகன், ஜெரால்ட். சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை. போன் பண்ணினால் "ம்" என்பான். சாப்பிட்டியா என்றால் "ம்". வேலை எப்படி என்றால் "ஓகேம்மா". அதற்கு மேல் அவனிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. அவன் சுபாவமே அப்படி என்று அக்காவும் விட்டுவிட்டார். கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு வந்தவன், கேக்கைத் தட்டில் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். காதில் ஹெட்போனை மாட்டி நண்பர்களோடு விளையாட ஆரம்பித்தான். பிறகு பேசினான் பாருங்கள், அப்படி ஒரு பேச்சு.

"சிரிக்கிறான் தம்பி! கதை கதையா சொல்றான்! கிடங்குல பெட்டி விழுந்து கையில தையல் போட்டாங்களாம். அங்க இருக்கிற சூப்பர்வைசர் மாதிரியே பேசிக் காட்டுறான். எங்கம்மா வைக்கிற நண்டுக் கறி மாதிரி உலகத்துல கிடையாதுன்னு எவன்கிட்டயோ சொல்றான். என்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல."

"நீங்க எப்படிக்கா கேட்டீங்க?"

"வாசல்ல கூட்டிக்கிட்டு இருந்தேன்லா."

"அவ்ளோ நேரமா?"

"தரை கண்ணாடி மாதிரி ஆயிருச்சு."

அவர்கள் நாலு பேராகச் சேர்ந்து சுட்டு விளையாடுகிற விளையாட்டு அது. ஒருவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி அவன் விலகப் போகிறான், ஓர் இடம் காலியாகும். நான் வரட்டுமா என்று அக்கா கேட்டிருக்கிறார். ஜெரால்ட் சிரித்துவிட்டு, "மெஷின் வாங்கிட்டு வாம்மா, பாக்கலாம்" என்று விளையாட்டுக்குச் சொல்லியிருக்கிறான். அக்காவுக்கு அது போதும், கொம்தாருக்குக் கிளம்பிவிட்டார். அந்தக் காலி இடத்துக்கு வேறு யாராவது வருவதற்குள் அக்கா போய் உட்கார்ந்தாக வேண்டும்.

இங்கேதான் வந்தது வம்பு. அந்தப் பெட்டிக்குள் எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்க வேண்டும் என்பதை அக்கா தரச் சோதனை செய்து முடிவெடுப்பாராம். ஆபரேட்டிங் சிஸ்டம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பஸ்ஸுக்கு டிரைவர் எப்படியோ கம்ப்யூட்டருக்கு அது அப்படி. டிரைவர் சரியில்லை என்றால் பஸ் எவ்வளவு புதிதாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

பெட்டியோடு வந்தது விண்டோஸ். அக்கா பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது என்று திரையின் ஓரத்தில் ஒரு அம்பு. விளையாடப் போகும் நேரத்தில் அப்டேட் கேட்கிறது என்று இன்னொரு அம்பு. பட்டனை அழுத்தித் தூங்க வைத்துப் பைக்குள் போட்டால், அது உள்ளே தானாக விழித்துக்கொண்டு சூடாகி, பேட்டரியைக் காலி செய்துவிட்டு, இட்லிப் பானை மாதிரி வெளியே வந்தது. அதற்கு இரண்டு அம்பு.

"தூங்குன்னு சொன்னா தூங்கத் தெரியல. இது என்னாலா சிஸ்டம்? ரிஜெக்ட்!"

டெஸ்ட் பிரிவு டெக்னீஷியன் ஜமால் இதற்காகவே காத்திருந்தவர் போலப் பின் சீட்டிலிருந்து எழுந்து வந்தார். லினக்ஸ் என்கிற சிஸ்டம்தான் உலகத்தைக் காப்பாற்றும் என்று நம்புகிறவர் அவர். ஒரு சனிக்கிழமை பெட்டியை வாங்கிப் போய், இந்த மாதிரிக் கைப்பெட்டிகளுக்கென்றே செய்த லினக்ஸை ஏற்றிக் கொண்டுவந்தார்.

என்ன சொல்வது! எழுத்தெல்லாம் பெரிதாக இருந்தது. ஒரு பட்டனில் தூங்கியது, ஒரு பட்டனில் விட்ட இடத்திலிருந்தே எழுந்தது. ஜெலுத்தோங் சாலை நெரிசலில் அக்கா கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றில் பழகினார். திரையில் அவருடைய கார் நடைபாதையில்தான் ஓடியது என்றாலும், அது சிஸ்டத்தின் குற்றமில்லை. பூதக்கண்ணாடி வைத்து மூலை மூலையாகத் தேடினார். அம்பு ஒட்ட இடம் கிடைக்கவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக "பாஸ்" என்று சொல்ல வாயெடுத்தார். பஸ்ஸே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"இருங்க, ஜெரால்ட் விளையாடறதைப் போட்டுப் பாத்துர்றேன்" என்றார்.

போட்டார். வாங்க வாங்க என்று அழைத்த அந்த விளையாட்டு, வாசல் வரைக்கும் கூட்டிப்போய், உள்ளே விடாமல் வெளியே தள்ளிவிட்டது. மறுபடி போட்டார், மறுபடியும் அதே கதை. ஜமாலின் முகம் சுருங்கிப் போனது.

"சிஸ்டம் மேல தப்பு இல்லக்கா. கள்ள ஆட்டம் ஆடறவங்களைப் பிடிக்க அந்த கேம்ல ஒரு காவல் வச்சிருக்காங்க. அது லினக்ஸை உள்ள விடாது. நம்ம கையில ஒண்ணும் இல்ல."

"அப்ப எங்க பையன் உள்ள, நான் வெளியவா?"

 கிறிஸ்மஸ் அன்று ஜெரால்ட் சாத்தியதாக அக்கா சொன்ன அந்தக் கதவு எனக்கு ஞாபகம் வந்தது. சிரித்துக்கொண்டிருந்த நாங்களும் அன்று சிரிக்கவில்லை.

ஜமால் விடவில்லை. இரண்டு சிஸ்டத்தையும் ஒரே பெட்டியில் வைத்து, வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும்படி செய்து கொடுத்தார். கொஞ்ச நாள் ஓடியது. பிறகு ஒரு காலை விண்டோஸ் தன்னை அப்டேட் செய்துகொண்டது, தேர்ந்தெடுக்கிற பட்டியலும் லினக்ஸுக்குப் போகிற வழியும் போன இடம் தெரியவில்லை. ஜமால் தலையில் கை வைத்துக்கொண்டு பஸ் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரம்தான் ஜெரால்ட் போனில், வழக்கத்துக்கு மாறாக ஒரு முழு வாக்கியம் பேசினான். "அம்மா, சனிக்கிழமை ஈப்போக்காரன் ஒருத்தன் டீமுக்கு வர்றான், நீ சிரமப்படாதே." இதை என்னிடம் சொன்னபோது அக்காவின் குரல் இறங்கியிருந்தது.

"விட்டுருங்கக்கா, சும்மா போன்லயே பேசிக்கலாம்" என்றேன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

 அக்கா பெட்டியை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். பாலத்துக்குப் பிரியும் சாலை தாண்டியதும் ஜமாலைக் கூப்பிட்டார்.

"லினக்ஸை எடுத்துரு. விண்டோஸ் மட்டும் இருக்கட்டும்."

"அக்கா, அதுல அவ்ளோ குறை சொன்னீங்களே!"

"இப்பவும் சொல்றேன். யூஸ் ஆஸ் இஸ் போட்டுக்கோ."

 யூஸ் ஆஸ் இஸ் என்றால் உள்ளபடியே எடுத்துக்கொள்வது, எங்கள் தொழிற்சாலையில் அப்படி ஒரு வழி உண்டு. குறை இருப்பது தெரியும், சரிசெய்யவும் முடியாது, ஆனாலும் வேலைக்கு ஆகும் என்று ஒருவர் பொறுப்பெடுத்துக் கையெழுத்துப் போட்டால் பலகை அப்படியே போகும். சோம்பேறிகள் கண்டுபிடித்த வழி என்று அதை ஏசுகிறவர் அக்கா. மேனேஜரே வந்து கெஞ்சியபோதுகூடக் கையெழுத்துப் போட்டதில்லை. அவர்தான் அன்று ஒட்டிய அம்புகள் ஒன்றையும் உரிக்காமல், முள்ளம்பன்றி மாதிரி இருந்த அந்தப் பெட்டியை ஜமாலிடம் நீட்டினார்.

"எல்லாக் குறையும் எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எடுத்துக்கிறேன். சனிக்கிழமைக்குள்ள கொடுத்துரு தம்பி."

ஜமால் மறுநாளே கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை காலையில் பஸ் முழுக்க முன் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா ஏறினார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, இரண்டு ராத்திரியாகத் தூங்கிய மாதிரியே தெரியவில்லை.

"என்னாச்சுக்கா? ஈப்போக்காரன்?"

"அவனுக்கு அன்னிக்கு இன்டர்நெட் லைன் கிடைக்கல. யாரு பண்ணுன புண்ணியமோ. நான் போயிட்டேன்."

"நல்லா விளையாடுனீங்களா?"

"எங்க? ஒரு மனுஷனைக்கூடச் சுடல. செவுத்தைத்தான் சுட்டேன். 'அம்மா இந்தப் பக்கம், அம்மா ஓடு, அம்மா குனி, அடோய் அம்மா அது நம்ம ஆளு!' ஒரே ஏச்சு தம்பி. சின்னப் பிள்ளையில இருந்தே இத்தனை தடவை அவன் அம்மான்னு கூப்பிட்டதில்ல."

பின் சீட்டிலிருந்து ஜமால் கை தட்டினார். அக்கா என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அதுல நாம அடிபட்டு விழுந்தா உடனே சாக மாட்டோம். கூட்டாளி வந்து பக்கத்துல முட்டி போட்டுத் தூக்கிவிடணும். அது முடியற வரைக்கும் அவன் எங்கயும் போக முடியாது. நான் விழறப்ப எல்லாம் ஓடி வந்தான். கை எப்படிய்யா இருக்குன்னு கேட்டேன்.  பெட்டி விழுந்தது, தையல் போட்டது, எல்லாத்தையும் சொன்னான்."

"அதான் நிறைய தடவை விழுந்தீங்களா?"

"மொதல்ல தெரியாம விழுந்தேன்." அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பொறவு வேணும்னுதான் விழுந்தேன்லா."

நான் இப்போது பத்து காவான் என்கிற ஊரிலுள்ள தொழிற்சாலைக்கு மாறிவிட்டேன். காரில் தனியாகத்தான் போய் வருகிறேன். சனிக்கிழமையானால், அக்கா இந்நேரம் எந்தச் சுவரோரம் விழுந்து கிடக்கிறாரோ, மகன் வந்து தூக்கிவிட்டானோ என்று நினைத்துக்கொள்வேன். வந்திருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் தூங்கப் போகிறேன்.