அடையாளங்கள் பழுது பார்க்கப்படும்

கோயிலின் கிறிஸ்துமஸ் குடிலுக்கு மேலே தொங்கிய நட்சத்திரம், யாரும் சொல்லாமலே பளிச்சென்று எரிந்தது. ஏணியில் நின்றிருந்த எலக்ட்ரீஷியன் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

பிடிக்காமல் என்ன செய்வான்? மூன்று ராஜாக்கள் திருநாள் பூசைக்கு ஆள் வருமுன்பே வந்து, குடிலுக்குள் மைக் வைத்து, வாசல் ஸ்பீக்கர் வரை "ஹலோ, ஹலோ" என்று சோதித்து முடித்த கையோடு, அங்கேயே மண்டியிட்டு வேண்டியிருந்தான்.

"ஆண்டவரே, கீபோர்டு டீச்சருக்கு வெளியூர் மாத்தல் வந்திருக்கு. நாளைக்குள்ள பதில் சொல்லணுமாம். 'போகாதீங்க, என்னைக் கட்டிக்கோங்க'ன்னு கேக்கலாமா, வேணாமா? அந்த மூணு ராஜாக்களுக்கு நட்சத்திரம் காட்டின மாதிரி எனக்கும் ஒரு அடையாளம் காட்டும். கேக்கலாம்னா இந்த நட்சத்திரம் எரியட்டும்."

இதோ, எரிகிறது.

ஆனால் ராஜாக்கள் பவனியாக வந்து குடில் முன்னால் நிற்கும்போது, டீச்சர் தன் காலடியில் உள்ள சுவிட்சை அமுக்கினால்தான் அது எரிய வேண்டும். டீச்சரோ பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். தாளமே தப்பாதவர், சுவிட்சைத் தப்பாக அமுக்குவாரா? மனம் 'அடையாளம்' என்றது. கை டெஸ்டரை எடுத்தது. கைதான் ஜெயித்தது.

"லூஸ் கனெக்‌ஷன், ஃபாதர்."

"அப்படியா?" ஃபாதர் இருமினார். வாசலில் ராஜா வேஷத்தில் தயாராக நின்ற மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

திருகாணிகளை முறுக்கினான். நட்சத்திரம் அணைந்தது. அதோடு குடிலின் சின்ன பல்புகளும் போய்ச் சேர்ந்தன.

முதல் பாட்டில், அவன் டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், மறுபடி எரிந்தது. குனிந்து ஓடிப்போய் ஃபியூஸை மாற்றினான். மின்விசிறிகள் எல்லாம் ஒன்றாகச் சுழன்று மெழுகுவர்த்திகளை அணைத்தன. பேக்கரிக்கார ராஜாவின் ஒட்டுத்தாடி பாடகர் பக்கம் பறந்தது.

"ஏரோது அரசன் கலங்கினான்" என்று ஃபாதர் வாசித்தபோது மூன்றாவது முறை. குழந்தையைக் கொல்லத் தேடிய ஏரோதுக்கெல்லாமா நட்சத்திரம்? பல்லைக் கடித்துக்கொண்டு வயரையே வெட்டிவிட்டான்.

ராஜாக்கள் வந்தார்கள். இருட்டு.

"குடில் எந்தப் பக்கம்பா?" என்றார் பல் டாக்டர் ராஜா.

செல்போன் வெளிச்சத்தில் தடவித் தடவிப் போனதில், குழந்தைக்கு வர வேண்டிய சாம்பிராணி பொம்மைக் கழுதைக்குப் போனது. பாட்டே இல்லாத அந்த நேரத்திலும் டீச்சர் காலால் ஓங்கி ஓங்கித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். என்ன ஈடுபாடு என்று அவனுக்கு மெய்சிலிர்த்தது.

பூசை முடிந்து கோயில் காலியானதும் குடில் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஒரு அடையாளம் கேட்டேன், ஃபாதர். ஒண்ணும் கிடைக்கல. அவங்க போயிடுவாங்க." நிஜமாகவே அழுகை வந்தது.

"தம்பி, அந்த மூணு பேரும் நட்சத்திரத்தைப் பார்த்தாங்க, நடந்தாங்க. எவனும் ஏணி போட்டு ஏறி வயரைத் தொட்டுப் பாக்கல" என்று சொல்லிவிட்டு ஃபாதர் உள்ளே போனார்.

பின்னால் செருப்புச் சத்தம். டீச்சர் நொண்டிக்கொண்டே வந்தார். குடிலுக்குள் கையை விட்டு மைக்கை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"இனிமே இதை ஆஃப் பண்ணிட்டு வேண்டிக்கோங்க. சுவிட்சை அமுக்கி அமுக்கி எனக்குக் கால் வலிக்குது."