வெடித்த நட்சத்திரத்துக்கு சீரியல் செட்

வானியல் படிக்கிறவர்களுக்கு எதிரிகள் இரண்டு: மேகம், வெளிச்சம். மேகத்தை யாரும் வாடகைக்கு எடுத்து வருவதில்லை. வெளிச்சத்தை எடுத்து வருவார்கள் என்பதை என் சொந்த அப்பாவிடம்தான் தெரிந்துகொண்டேன்.

அப்போது நான் வடக்கே ஓர் ஊரில் ஆராய்ச்சி மாணவி. (அதாவது, இருபத்தேழு வயதாகியும் கல்யாணம் ஆகாதவள். எங்கள் கம்பம் பக்கத்தில் இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான்.) விடுமுறைக்கு வரும்போது ஒரு சின்னத் தொலைநோக்கியையும் கேமராவையும் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து எங்கோ ஒரு தூரத்து கேலக்ஸியில் ஒரு நட்சத்திரம் வெடித்துத் தொலைத்தது. சூப்பர்நோவா! அதை ஒரே மாலையில் எல்லா விதமான ஒளியிலும் பார்க்க எங்கள் குழு ஏற்பாடு செய்தது. எக்ஸ்ரேக்கு ஒரு செயற்கைக்கோள், ரேடியோ அலைக்குப் பெரிய பெரிய ஆன்டெனாக்கள், அகச்சிவப்புக்கு மலைமேல் ஒரு தொலைநோக்கி. கண்ணுக்குத் தெரிகிற ஒளியில் பார்க்க வேண்டிய இடத்தில் மட்டும் மேகமூட்டம்.

"உங்க ஊர்ல வானம் எப்படி இருக்கு?" என்று என் ஆராய்ச்சி கைடு போனில் கேட்டார்.

"துடைச்சு வச்ச மாதிரி இருக்கு சார்" என்று குதித்தேன். ஆராய்ச்சிக் கட்டுரையில் என் பெயர் வர அதுதான் முதல் வாய்ப்பு.

அப்பாவுக்கு ஒரு சந்தேகம். "எதுக்கு ஆத்தா இத்தன பேரு? ஒருத்தர் பாத்தாப் பத்தாதா?"

"மாப்பிள்ளை விசாரிக்கப் போனா டீக்கடையில ஒண்ணு சொல்லுவாக, வேலை பாக்குற எடத்துல வேற சொல்லுவாக, பக்கத்து வீட்ல இன்னொண்ணு சொல்லுவாகல்ல? அது மாதிரிதான்ப்பா. எக்ஸ்ரேயக் கேட்டா வெடிப்போட சூட்டைச் சொல்லும். ரேடியோ, அந்த நட்சத்திரம் சாகுறதுக்கு முன்னாடி எதையெல்லாம் வெளிய தள்ளுச்சுன்னு சொல்லும். அகச்சிவப்பு தூசியப் பத்திச் சொல்லும்."

"அப்ப நீ?"

"நேர்ல போயி மொகத்தைப் பாக்குறது நான்தான்."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனையும் விளக்கிய நான் ஒன்றை மட்டும் சொல்லவில்லை: இருட்டு வேண்டும் என்பதை. அதையுமா ஒருவர் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். (படித்த மூளை அப்படித்தான் வேலை செய்யும்.)

எங்கள் திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூம் மொட்டைமாடியில் மதியத்திலிருந்தே ஏறி உட்கார்ந்துவிட்டேன். கீழே கொடிப் பந்தலுக்குள் ஆள் நடமாட்டம் கேட்டது. மருந்தடிக்கிறார்கள் போல என்று விட்டுவிட்டேன். பொழுது சாய்ந்தது. மேற்கு மலை அந்த கேலக்ஸியை விழுங்குவதற்குள் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். கேமராவை முடுக்கப் போனேன்.

"அலோ... மைக் டெஸ்ட்டிங்!"

தோட்டம் முழுக்கப் பச்சையும் சிவப்புமாக சீரியல் செட் எரிந்தது. பாதையில் இரண்டு பக்கமும் டியூப்லைட், கேட்டில் வாழைமரம். வேனிலிருந்து மாமா, சித்தப்பா, சித்தி குடும்பங்கள் பட்டுச்சேலையோடு இறங்கினார்கள். லைட் செட்டு பாண்டி படியேறி வந்தார். கையில், திருவிழாவில் வானத்தைக் கிழித்துக்கொண்டு சுழலுமே, அந்த ஷார்ப்பி லைட்.

"எந்தப் பக்கம்க்கா இருக்கு அந்த நட்சத்திரம்? அது மேலயே அடிக்கிறேன், பளிச்சுன்னு தெரியும்."

அதிர்ச்சியில் நான் செய்த காரியத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கையை நீட்டிக் காட்டினேன். பாண்டி குறி தப்பாமல் அடித்தார். என் லேப்டாப் திரை வெள்ளை வேட்டியாகிவிட்டது.

"எல்லாத்தையும் அமத்துங்க!" என்று அலறினேன். அமர்த்தினார்கள். உடனே சித்தியின் குரல்: "அய்யய்யோ, புள்ள மாடியில இருட்டுக்குள்ள நிக்கிதே, விழுந்துறப் போகுது!" அவ்வளவுதான். கீழே இருந்த அத்தனை செல்போன் டார்ச்சும் பாசத்தோடு என் முகத்துக்கு நேராக எரிந்தன. ஒவ்வொன்றாகக் கெஞ்சி அணைக்க வைத்தேன். மாமாவுக்குத் தன் போனில் டார்ச் போடத்தான் தெரியும், அணைக்கத் தெரியாது. அவர் பேரனைக் கூப்பிட்டு அந்த டார்ச்சை அணைக்க வைத்தபோது மலைக்கு மேலே கேலக்ஸியே இல்லை.

உட்கார்ந்து அழுதுவிட்டேன். அப்பா மெதுவாக மேலே வந்தார்.

"தப்புப் பண்ணிட்டேனா ஆத்தா?"

"இருட்டா இருக்கணும்னு நாந்தான்ப்பா சொல்லல."

"ஒம் மக என்னதான் படிக்கிறா, எப்பத்தான் கல்யாணம்னு எல்லாரும் கேக்குறாக. வந்து பாருங்கன்னு கூப்ட்டேன். ஒனக்குன்னு வைக்கிற மொதல் விசேசம். அதை எப்புடி ஆத்தா இருட்டுல வைக்கிறது?"

வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. என்னை நினைத்து அந்த மனிதர் எத்தனை பேரிடம் பதில் சொல்லியிருப்பார் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கி எல்லோருக்கும் பிரியாணி பரிமாறினேன். படம் எடுக்க முடியவில்லை, காரணம் 'உள்ளூர் விழா விளக்குகள்' என்று கைடுக்கு உள்ளதை எழுதினேன். அவர் சிரித்தாரா, தலையில் அடித்துக்கொண்டாரா என்று இன்றுவரை தெரியாது.

மற்ற நாட்களின் கணக்குகளைப் போட்டுக் கொடுத்ததற்காகக் கட்டுரையில் என் பெயரும் வந்தது. அதிலிருந்த வரைபடத்தை அப்பா பிரேம் போட்டு ஹாலில் மாட்டிவிட்டார். வருகிறவர்களை நிறுத்தி வைத்து, இது எக்ஸ்ரே, இது ரேடியோ, இது அகச்சிவப்பு என்று வரிசையாகப் புள்ளிகளைத் தப்பில்லாமல் காட்டுவார். எனக்குரிய கோட்டில் அந்த மாலைக்கு மட்டும் புள்ளி கிடையாது. அங்கே வந்ததும் விரலை வைத்து, குரலை உயர்த்திச் சொல்வார்:

"இங்கன மட்டும் காலியாக் கெடக்கு பாத்தீகளா? அன்னைக்கு நம்ம வீட்ல விசேசம்!"