குறுக்குவழி எழுதிய மந்தியும் ஐந்து நட்சத்திரச் சிறுத்தையும்

ஒரு காட்டில், உச்சிக்கிளைக்கு ஏறினால் மட்டும் சிக்னல் கிடைக்கும் ஒரு நாவல் மரத்தில், கிளைதாவி என்ற மந்தி வாழ்ந்துவந்தது. கறுத்த முகம், நீண்ட வால், கையில் எந்நேரமும் செல்போன். 'காடு சுற்றலாம் வாங்க' என்று ஒரு வலைப்பதிவு நடத்தியது. எங்கே பழம் பழுத்திருக்கிறது, எந்தக் குட்டையில் தண்ணீர் கிடக்கிறது, எந்த வழியாகப் போனால் சீக்கிரம் போகலாம் என்றெல்லாம் எழுதும். படிக்கத் தெரிந்த மிருகமெல்லாம் படித்தது. படிக்கத் தெரியாத காட்டுப்பன்றிகூட லைக் போட்டது.

எழுத வருவதற்கு முன்னால் கிளைதாவிக்கு வேறு வேலை இருந்தது. பரம்பரையாகப் பார்த்துவந்த வேலை. கீழே புள்ளிமான்கள் மேயும், மேலே மந்தி உட்கார்ந்திருக்கும். சிறுத்தையின் தலை தெரிந்தால் மந்தி கத்தும், மான்கள் ஓடிவிடும். மந்தி கண்ணயர்ந்த நேரத்தில் சிறுத்தை வாடை அடித்தால் மான்கள் கத்தும், மந்தி உச்சிக்கு ஏறிவிடும். படிவமும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது, இரண்டு தரப்பும் உயிரோடு இருந்தன. ஆனால் கத்துகிறவனை யார் மதிக்கிறார்கள்? எழுத்தாளர் என்றால் யானைகூட வழிவிட்டு நிற்கிறது. கிளைதாவிக்கு அந்த மரியாதை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அந்தக் கோடையில் அது எழுதிய ஒரு பதிவு காடு முழுக்கப் பரவியது. 'மூங்கில் புதர் வழியாகத் தாமரைக்குட்டை: ஏழே நிமிடத்தில்!' பெரிய பாதையில் சுற்றிக்கொண்டு போனால் அரை மணி நேரம். நாக்கு வறண்டு கிடந்த மிருகங்களுக்குப் பதிவைப் படித்ததும் பாதித் தாகம் அடங்கிவிட்டது.

கிளைதாவி பொய் எழுதவில்லை, பாவம். தானே போய்ப் பார்த்துத்தான் எழுதியது. ஏழு நிமிடம்தான் ஆனது. வழியில் ஒரு தொந்தரவும் இல்லை. என்ன, அது போனது மரத்துக்கு மரம் தாவி. தரையில் காலே வைக்கவில்லை. தரையில், மூங்கிலுக்கு நடுவே, சிறுத்தை படுத்திருந்தது.

மான் கூட்டத்துக்கு மூத்தது அஞ்சலை. இருபத்து மூன்று தலைகளுக்கு அதுதான் பொறுப்பு. நான்காம் நாள் அது பதிவின் அடியில் ஒரு நட்சத்திரம் மட்டும் போட்டு எழுதியது: "அண்ணே, நீங்க சொன்ன வழியில போனோம். சிறுத்தை படுத்திருக்கு. ரெண்டு பேரைக் காணோம். தயவுசெஞ்சு இந்தப் பதிவைத் தூக்கிடுங்க."

கிளைதாவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை பேர் படித்த பதிவு! இதுவரை நாலே முக்கால் நட்சத்திரத்துக்குக் கீழே இறங்காத பதிவு! "புல் மேய்கிற வாய்க்கு எழுத்தைப் பற்றி என்ன தெரியும்? நடக்கத் தெரியாதவர்களுக்கு நான் பொறுப்பல்ல" என்று பதில் போட்டது. வேலையில்லாத முயல் ஒன்று அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காட்டிலுள்ள எல்லா வாட்ஸப் குழுவுக்கும் அனுப்பியது. பொழுது சாய்வதற்குள் கிளைதாவியின் பெயர் நாறிவிட்டது.

"பிரச்சனை பதிவுல இல்ல, உன் பதில்லதான்" என்று நண்பர்கள் சொன்னார்கள். கிளைதாவியும் அப்படியே நம்பியது. நம்புவது சுலபமாக இருந்தது. 'விமர்சனத்தை நிதானமாகக் கையாள்வது எப்படி?' என்ற மூன்று நாள் இணைய வகுப்பில் சேர்ந்தது.

வகுப்பு எடுத்தவர் எருமையார். எவ்வளவு மழை கொட்டினாலும் சேற்றை விட்டு அசையாமல் இருந்த அனுபவம் அவருக்கு இருபது வருடம். இந்தத் துறையில் அவரை விட்டால் ஆள் கிடையாது.

"கோவம் வருதா? மூச்சை இழுங்க" என்றார் எருமையார், அசைபோட்டபடியே. "அப்புறம் நன்றி சொல்லுங்க."

"எதுக்குங்கய்யா நன்றி?"

"எதுக்குன்னு யோசிச்சாத்தானே கோவம் வருது. யோசிக்காதீங்க. நன்றியை மட்டும் சொல்லுங்க."

"அவங்க சொல்றது ஒருவேளை உண்மையா இருந்தா?"

எருமையார் அசைபோடுவதை நிறுத்தினார். பிறகு, "அது நாலாம் நாள் பாடம். நம்ம வகுப்பு மூணு நாளுதான்" என்றார்.

மூன்றாம் நாள் பாடம் ஒரே வரி. எது நடந்தாலும் குரலை உயர்த்தக் கூடாது. கிளைதாவி அதைச் சான்றிதழோடு சேர்த்து மரத்தில் ஆணி அடித்து மாட்டிக்கொண்டது.

அஞ்சலை மறுபடி எழுதியது: "அண்ணே, இதோட நாலு பேர் ஆச்சு." இந்த முறை கிளைதாவி மூச்சை இழுத்து, விட்டு, பதில் எழுதியது. "அன்பு வாசகிக்கு வணக்கம். தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. கவனத்தில் எடுத்துக்கொள்கிறோம்." கூடவே கும்பிடும் கைகள் இரண்டு. காடே உருகிவிட்டது. "என்ன ஒரு பக்குவம்!" என்றது கரடி. "இந்த மனசு யாருக்கு வரும்!" என்றது கீரி. முயல் இதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியது.

அன்றைக்கே சிறுத்தையும் ஒரு கருத்துப் போட்டது. ஐந்து நட்சத்திரம். "மிகவும் பயனுள்ள பதிவு. இதுபோல் இன்னும் நிறைய எழுதவும்."

எழுதிப் பயனில்லை என்று அஞ்சலை நாவல் மரத்தடிக்கு நேரிலேயே வந்தது. ஓடி வந்ததில் அதற்கு மூச்சு வாங்கியது.

"அண்ணே, ஒரு விரலால தட்டுனா அந்தப் பதிவு போயிடும். தட்டிடுங்கண்ணே. குட்டிங்க எல்லாம் அதைப் பார்த்துட்டுத்தான் அந்த வழியா ஓடுதுங்க."

"தங்கச்சி, நான் ரெண்டு தரப்பையும் கேக்கணும்ல? நீ சரியில்லங்கிற. சிறுத்தை அருமையா இருக்குங்குது."

"சிறுத்தைக்கு அருமையா இல்லாம எனக்கா அருமையா இருக்கும்?"

"பாத்தியா, குரலை உயர்த்துற. மூச்சை இழு."

அஞ்சலை தலையைத் தூக்கி மேலே பார்த்தது. "உங்களை யாருண்ணே எழுதச் சொன்னா? கத்துங்க, அது போதும்" என்றது. கிளைதாவி கைகூப்பி நன்றி சொன்னது.

மறுநாள் உச்சிவெயிலில், சிக்னலுக்காக உச்சிக்கிளைக்கு ஏறிய கிளைதாவியின் கண்ணில் மூங்கில் புதர் பட்டது. அஞ்சலையின் தங்கை வெள்ளச்சி தனியாக உள்ளே நடந்துகொண்டிருந்தது. பத்தடி தள்ளி மஞ்சள் வால் ஒன்று சருகில் அசைந்தது. கிளைதாவியின் தொண்டைக்குள் பழைய கத்தல் பந்து போல உருண்டு வந்தது. வாயைத் திறந்துவிட்டது. அப்போதுதான் மூன்றாம் நாள் பாடம் ஞாபகம் வந்தது. பக்கத்து மரத்தில் வேறு இரண்டு வாசகர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு அவசர அவசரமாகத் தட்டச்சு செய்தது: "மேற்படி பதிவில் சிறு திருத்தம் ஒன்று பரிசீலனையில் உள்ளது."

வெள்ளச்சியிடம் செல்போன் இல்லை.

அன்றைக்குக் கிளைதாவிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. பதிவைத் தூக்கிவிடலாமா என்றுகூட நினைத்தது. ஆனால் அந்தத் 'திருத்தம்' என்ற அறிவிப்புக்கு மட்டுமே முந்நூறு இதயக்குறிகள் விழுந்திருந்தன. அதை எண்ணி முடிப்பதற்குள் மனசு கொஞ்சம் சமாதானமாகிவிட்டது.

அஞ்சலையின் கடைசிக் கருத்து பத்து நாள் கழித்து வந்தது. "அண்ணே, பதினாலு பேர்தான் மிச்சம். மலைக்கு அந்தப் பக்கம் போறோம். இனிமே நீங்க கத்துனாலும் எங்களுக்குக் கேக்காது. நாங்க கத்துனாலும் உங்களுக்குக் கேக்காது." கிளைதாவி இதற்கும் நன்றி சொன்னது, இதையும் கவனத்தில் எடுத்துக்கொண்டது. மான்கள் கணக்கை மூடிவிட்டுப் போனதும் அவை போட்டிருந்த ஒற்றை நட்சத்திரங்களும் மறைந்தன. பதிவின் மதிப்பெண் ஐந்துக்கு ஐந்தாக ஏறியது. குறை சொல்ல ஒருவர்கூட இல்லை. எருமையார் வகுப்பு இவ்வளவு சீக்கிரம் பலிக்கும் என்று கிளைதாவி எதிர்பார்க்கவே இல்லை.

அந்த வாரக் கடைசியில் அது நடுக்கிளையில் சாய்ந்துகொண்டு, 'என் வெற்றிக்குக் காரணம் நிதானம்' என்ற புதுப் பதிவை எழுதிக்கொண்டிருந்தது. கீழே சருகு நசுங்கியது. அஞ்சலை இருந்திருந்தால் வாடை பிடித்துக் கத்தியிருக்கும். கிளைதாவியும் ஒரே தாவலில் உச்சிக்குப் போயிருக்கும். இப்போது கீழே மேய ஆளில்லாத காய்ந்த புல் மட்டும் நின்றது. கிளை ஒரு பக்கமாகத் தாழ்ந்தபோதுதான் அது திரும்பிப் பார்த்தது.

சிறுத்தை.

"நீங்களா? நீங்க கீழதானே இருப்பீங்க?" என்றது கிளைதாவி.

"கீழ யாருமே வர்றதில்லையே தம்பி. எத்தனை நாள்தான் காத்துக் கிடக்கிறது? உங்க எழுத்து எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஆளையும் ஒரு தடவை பார்த்துடலாம்னு வந்தேன்."

கிளைதாவி கத்தியது. வெள்ளச்சிக்காகக் கத்தியிருக்க வேண்டிய கத்தல், இத்தனை நாளும் தொண்டையிலேயே கிடந்தது. அது மூங்கில் புதரைத் தாண்டி, தாமரைக்குட்டையைத் தாண்டி, மலையடிவாரம் வரைக்கும் போயிற்று. மலைக்கு அந்தப் பக்கம் போகவில்லை.

"இது அநியாயம்! உங்களுக்கு வழி பண்ணிக் குடுத்ததே நான்தான்! என்னைத் திங்கக் கூடாது!"

சிறுத்தை மரத்தில் மாட்டியிருந்த சான்றிதழை ஒருமுறை பார்த்தது. நிதானமாக மூச்சை இழுத்தது.

"தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. கவனத்தில் எடுத்துக்கொள்கிறோம்" என்றது.

அந்த வலைப்பதிவு இன்றும் இருக்கிறது. மூங்கில் புதர் வழிதான் முதல் பக்கத்தில் இருக்கிறது, திருத்தம் பரிசீலனையில் இருக்கிறது. கடைசியாக வந்த கருத்துக்கு மட்டும் பதில் போடப்படவில்லை: "எழுத்தாளரை நேரில் சந்தித்தேன். எழுத்தைப் போலவே மென்மையானவர். ஐந்து நட்சத்திரம்."

நீதி: எல்லா விமர்சனத்துக்கும் நன்றி மட்டும் சொல்லுங்கள். குறை சொல்கிறவர்கள் சீக்கிரமே தீர்ந்துபோவார்கள். பசியோடு ஒரு ரசிகர் கடைசிவரை கூட இருப்பார்.