7.4-இல் என் குரல் கேட்கவில்லை, மாப்பிள்ளை

மயிலாப்பூர்,
வியாழக்கிழமை.

அன்பு மாப்பிள்ளை ஆசிஃப் அவர்களுக்கு மாமனார் இனாயத் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் பெங்களூரில் நீங்களும் ருக்சாரும் பேத்தி ஆயத்தும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் மாமியார் அஸ்மத்துன்னிசாவும் உடம்பால் சுகம். மற்றபடி ஒன்றும் சுகமில்லை. அதற்கு முழுக் காரணம் நீங்கள்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் சொன்னால், “ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மாமா” என்பீர்கள். இந்தக் காகிதத்தை அப்படிச் செய்ய முடியாது. உங்கள் கம்பெனி அனுப்பிய பிழைப் படிவத்தையும் நிரப்பிப் பார்த்தேன். இருநூறு எழுத்துக்கு மேல் ஏற்காதாம். என் கோபம் இருநூறு எழுத்தில் அடங்காது.

போன மாதம் வந்திருந்தபோது உங்கள் கம்பெனியின் வீடியோ மீட்டிங் ஆப்பை என் லேப்டாப்பில் போட்டீர்கள். “இது இன்னும் வெளியில விடாத 7.4, மாமா. நீங்க டெஸ்ட் பண்ணிக் குடுங்க. உங்க கையில ஓடிச்சுன்னா ஊர்ல யார் கையிலயும் ஓடும்” என்றீர்கள். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கு மட்டன் பிரியாணி செய்யச் சொன்னேன். இப்போதுதான் அர்த்தம் விளங்குகிறது. அந்தப் பிரியாணியை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை சின்ன மகள் ஜுவேரியாவின் சம்பந்தப் பேச்சு நடந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள் ரயிலில் இருந்ததால் வரவில்லை. மஸ்கட்டிலிருந்து பையன் உபைத், வடபழனியிலிருந்து அவனுடைய தாயாரும் தாய்மாமா வாஜித்தும், அங்கங்கே உள்ள சொந்தக்காரர்கள் எல்லாருமாகப் பதினான்கு பேர். முதல் பத்து நிமிஷம் ஒருவர் நெற்றியை ஒருவர் பார்த்து ஸலாம் சொன்னோம். அப்புறம் வாஜித் பாய் தொண்டையைச் செருமிக்கொண்டு, “எங்க பக்கம் ஒரே ஒரு சின்ன விஷயம். நிக்காஹ்வுக்கு முன்னால பொண்ணு வேலைய விட்டுடணும்” என்றார். அடையாறு ஆஸ்பத்திரியில் எத்தனை பேரை அவள் கைபிடித்து எழுப்பி நடக்க வைத்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியுமா? பிசியோதெரபி படிக்க ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்த பெண். நான் உடனே, “அது நடக்காது பாய். என் பொண்ணு வேலைய விடமாட்டா” என்றேன். ஒருவர் முகத்திலும் ஒரு அசைவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். மேஜையைத் தட்டினேன். பதினான்கு பேரும் புன்னகையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உங்கள் புது அப்டேட்டில் சத்தம் நீக்கும் வசதி ஒன்று வந்திருக்கிறதாமே. மனுஷக் குரலை வைத்துக்கொண்டு மற்ற இரைச்சலை எல்லாம் வடிகட்டிவிடுமாம். நாற்பது வருஷம் பீரோ பட்டறையில் தகரம் அடிக்கிற சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய குரல் மாப்பிள்ளை இது. உங்கள் ஆப் அதைத் தகரம் என்றே முடிவு செய்துவிட்டது. ஆனால் சமையலறையில் குக்கர் மூன்று விசில் விட்டதே, அது மட்டும் மஸ்கட் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. உபைத்தின் தாயார், “என்ன விசேஷ சமையலா?” என்று கேட்டார். குக்கர் மனுஷன், நான் இரைச்சல்.

இதைப் பார்த்த ஜுவேரியா என் பின்னால் வந்து இரண்டு கையையும் ஆட்டி, வேண்டாம் வேண்டாம் என்று காட்டினாள். அங்கேயும் உங்கள் கைவரிசைதான். ஆயத் வைத்துவிட்டுப் போன நீர்வீழ்ச்சிப் படம் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது. என்னைத் தவிர மற்றதை எல்லாம் நீர்வீழ்ச்சி என்று எடுத்துக்கொண்ட ஆப், கல்யாணப் பெண்ணை அருவிக்குள் மூழ்கடித்துவிட்டது. ஒரு கை மட்டும் வெளியே வந்து வந்து போனது. வாஜித் பாய், “யாரோ கை ஆட்டுறாங்க. சந்தோஷம் போல, மாஷா அல்லாஹ்! யாரும் மறுப்பு சொல்லல, அப்ப முபாரக்!” என்று கூட்டத்தையே முடித்துவிட்டார்.

இரண்டே நிமிஷத்தில் எல்லாருக்கும் கூட்டத்தின் சுருக்கம் வந்தது. உங்கள் ஆப் தானாகவே எழுதியது. ‘முடிவு: மணமகள் வேலையிலிருந்து விலகுகிறார். பொறுப்பு: இனாயத். காலக்கெடு: வெள்ளிக்கிழமை.’ வாய் திறக்க விடாதவனுக்குப் பொறுப்பு மட்டும் எப்படி மாப்பிள்ளை வந்தது? வாஜித் பாய்க்குப் போன் போட்டால் வாழ்த்து வாங்கிக்கொண்டே இருக்கிறார், லைன் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் கறிக்கடை சுப்புராயன் ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து, “இன்னா பாய், பொண்ணுக்கு முடிஞ்சிட்ச்சாமே! எத்தினி கிலோ, இப்பவே சொல்லிடு” என்று கத்துகிறான். அவன் சத்தத்தை எந்த ஆப்பும் நீக்கவில்லை.

அதற்குமேல் பொறுக்கவில்லை. பஸ் பிடித்து வடபழனிக்குப் போனேன். வாஜித் பாய் அந்தச் சுருக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்திருந்தார். “நீங்க ஒத்துக்கிட்டது எழுத்துல இருக்கே இனாயத் பாய்.”

“அத எழுதினது நான் இல்ல பாய். நான் இதோ நிக்கிறேன், எங்கிட்டயே கேளுங்க. என் பொண்ணு வேலைய விடமாட்டா. விடச் சொல்ற வீட்டுக்கு அவள அனுப்பவும் மாட்டேன்.”

அவர் வீட்டுக்கு எதிரே பஸ் டிப்போவில் நின்ற கண்டக்டர்கள் வரைக்கும் திரும்பிப் பார்த்தார்கள். என்னை ம்யூட் பண்ண அங்கே ஒரு பட்டனும் இல்லை. ஊற்றிய டீயைக்கூடத் தொடாமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து வெற்றியோடு சொன்னால் ஜுவேரியாவுக்கும் கோபம். “ஆப் என்னை அருவியில மறைச்சுது, சரி. நீங்க வடபழனி கிளம்புறப்போ என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா அத்தா?” என்றாள். அந்த இடத்தில் மட்டும் உங்கள் ஆப்பைக் குறை சொல்ல முடியவில்லை.

உங்கள் படிவத்தின் கேள்விகளுக்கு இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். எதிர்பார்த்தது என்ன என்று கேட்கிறீர்கள்: மரியாதை. நடந்தது என்ன: மேலே காண்க. இதே பிழையை மறுபடி வரவழைக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்கள்: இன்னொரு மாப்பிள்ளை பார்க்க வேண்டும், அதற்கு நான் தயாராக இல்லை. பிழையின் தீவிரம் குறைவா, நடுத்தரமா, அதிகமா என்று மூன்று கட்டம் போட்டிருக்கிறீர்கள். நான்காவதாக ஒரு கட்டம் வரைந்து அதில் டிக் அடித்திருக்கிறேன்.

இன்றோடு நான் உங்கள் கம்பெனியின் டெஸ்டர் இல்லை. 7.4-ஐ அழித்துவிட்டேன். 7.5 வந்தாலும் சரி, 75 வந்தாலும் சரி, என் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. என் குரல் இரைச்சல் என்றால் அந்த இரைச்சலைத் தாங்குகிற ஆளோடு மட்டும் நேரில் பேசிக்கொள்கிறேன். மேலதிகாரிகளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். சுருக்கம் எழுதச் சொல்லாமல் முழுக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

ருக்சாருக்கு என் துஆ. ஆயத்துக்கு முத்தம், நீர்வீழ்ச்சிக்காக அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. அல்லாஹ் உங்கள் உத்தியோகத்திலும் ஆயுளிலும் பரக்கத்தைத் தருவானாக. உங்கள்மேல் உள்ள பிரியத்தில் குறைவில்லை. அது வேறு கணக்கு.

இப்படிக்கு,
தகரம் அல்லாத,
இனாயத்

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது ஜுவேரியா வந்து ஒரு செய்தி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்த கையோடு அவள் சமையலறைக்குப் போய் உபைத்துக்குச் சாதாரணப் போன் போட்டு, தன் வேலையைப் பற்றித் தானே பேசி முடித்துவிட்டாளாம். நான் கேட்காததால் சொல்லவில்லையாம். வேலையை விடச் சொல்லும் எண்ணம் தனக்கு எப்போதுமே இல்லை, அது தாய்மாமாவின் சொந்தக் கண்டுபிடிப்பு என்று பையன் சொல்லிவிட்டானாம். அவன் தாயாருக்கும் சம்மதம். நான் வடபழனி போனதுதான் வீண். வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்குத் தேதி குறிக்க மறுபடியும் வீடியோவில் கூடுகிறோம். வாஜித் பாய் தானும் நாலு வார்த்தை பேசியே தீருவேன் என்கிறார். ஆகவே 7.4-ஐத் திரும்பவும் போட்டுவிட்டேன். அந்தச் சத்தம் நீக்கும் வசதியைத் தயவுசெய்து அதற்குள் சரிசெய்துவிடாதீர்கள். அதை வடபழனிப் பக்கமாகத் திருப்பி வைக்க ஏதாவது வழி உண்டா, மாப்பிள்ளை? தீவிரம்: மிக மிக அதிகம்.