புலிக்குப் பச்சை அடிச்சவன்

போன மாசம் ஒரு சனிக்கிழமை. அன்னைக்கு எனக்கிருந்த ஒரே வேலை, ரெண்டாங்கிளாஸ் படிக்கிற என் மக தர்ஷினியை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போயி, பக்கத்துல உக்காந்திருந்துட்டு, திருப்பிக் கூட்டிட்டு வர்றது.

காட்டு விலங்குக படத்துக்குக் கலர் அடிக்கிற நிகழ்ச்சி. கலர் அடிச்சுக்கிட்டே பிள்ளைங்க விலங்குகளைப் பத்திக் கத்துக்கணுமாம். "பெற்றோரில் ஒருவர் அவசியம் வரவும்"னு டைரியில எழுதி விட்டிருந்தாங்க.

வழக்கமா இதுக்கெல்லாம் என் சம்சாரம் கீதாதான் போவா. அன்னைக்கு அவளுக்கு மேலூர்ல ஒரு வளைகாப்பு. காலையில வெள்ளனவே கெளம்பிட்டா.

போகும்போது சொன்னா: "சும்மா உக்காந்துட்டு வாங்க. அவளே அடிச்சுருவா. நீங்க எதையும் தொட வேணாம்."

தொடக் கூடாதுங்கிறதுல அவளைவிட நான்தான் உறுதியா இருந்தேன். காரணம் இருக்கு.

எனக்குச் சிவப்பு, பச்சை, ஆரஞ்சு, பிரவுன் எல்லாம் ஒரே குடும்பம் மாதிரி தெரியும். நீலமும் ஊதாவும் ஒரு குடும்பம், ரோஸும் சாம்பலும் ஒரு குடும்பம். அண்ணன் தம்பிகன்னு தெரியும். யாரு அண்ணன், யாரு தம்பின்னுதான் தெரியாது.

படிச்சு முடிச்ச காலத்துல ஒரு வேலைக்கு மெடிக்கல் டெஸ்ட் போனேன். டாக்டர் புள்ளி புள்ளியா ஒரு படத்தைக் காட்டி, "இதுல என்ன நம்பர்?"னு கேட்டாரு. "நம்பரா, எங்க சார்?"னு நான் கேட்டேன். அவரு பேனாவை எடுத்தாரு. ஏதோ எழுதுனாரு. வேலை கிடைக்கல.

இதை நான் யார்கிட்டயும் சொல்லல. நாங்க சௌராஷ்டிரா வீட்டாளுக. சொந்தத்துல பாதிப் பேரு சேலை வியாபாரம். என் மாமனாரு சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுறவரு. ஒரே சிவப்புல பன்னெண்டு சிவப்பு காட்டுவாரு. அவரு வீட்டுக்குப் பொண்ணு பாக்கப் போயி, "எனக்குச் சிவப்பே தெரியாது"ன்னு எப்படிச் சொல்றது?

ஒம்பது வருஷம் ஓட்டிட்டேன். என்ன சேலையைக் காட்டுனாலும் "மங்களகரமா இருக்கு"ம்பேன். அது எல்லாக் கலருக்கும் செட் ஆகும்.

சரி, ஸ்கூலுக்கு வருவோம்.

ஹால்ல டேபிளெல்லாம் போட்டு, ஜெசிந்தா மிஸ் மைக்கோட நின்னாங்க. தர்ஷினியோட கிளாஸ் மிஸ். நல்லவங்க. ஆனா எதையும் புதுசா செய்யணும்னு நெனைக்கிறவங்க. அதுதான் வினை.

"முதல்ல பெற்றோர்கள் மட்டும் கலர் பண்ணப் போறாங்க. பிள்ளைங்க பக்கத்து ரூம்ல பண்ணுவாங்க. யாருக்கு விலங்குகளை நல்லாத் தெரியுதுன்னு கடைசியில பாப்போம்."

பிள்ளைங்க கைதட்டுச்சுக. என் பிள்ளை என்னைப் பெருமையா ஒரு பார்வை பாத்துட்டு ஓடிருச்சு.

நான் சேரைக் கடைசி டேபிள் பக்கம் நகத்திக்கிட்டேன்.

பேப்பர் வந்துச்சு. அதுல அஞ்சு படம். புலி, யானை, கிளி, மயில், காட்டுமாடு. கூடவே டேபிளுக்கு ஒரு டப்பா கிரேயான்.

கிரேயான்னா எனக்குப் பயமில்ல. மேல சுத்தியிருக்கிற பேப்பர்ல கலர் பேரு போட்டிருக்கும். படிச்சுப் பாத்து அடிச்சுரலாம்னு டப்பாவைத் தொறந்தேன். பேப்பர் ஒண்ணுலகூட இல்ல. அம்புட்டையும் பிள்ளைங்க உரிச்சு வச்சிருக்குதுக. எல்லாம் அம்மணமாக் கெடக்குது.

பக்கத்துச் சேர்ல அலங்காநல்லூர்க்காரர் ஒருத்தரு. அவரு மகளும் அதே கிளாஸ். அவர்கிட்ட சாமர்த்தியமா கேட்டேன். "அண்ணே, அந்த ஆரஞ்சைக் கொஞ்சம் எடுங்க."

"ஒங்க கைக்குப் பக்கத்துலதானண்ணே கெடக்கு."

கைக்குப் பக்கத்துல நாலு கெடந்துச்சு. "ஆமால்ல, கவனிக்கல"ன்னு சொல்லி ஒண்ணை எடுத்தேன்.

புலியை முடிச்சேன். எனக்குப் பாக்க அசல் புலி மாதிரியே இருந்துச்சு. அந்தத் தைரியத்துல கிளிக்கு ஒண்ணு, யானைக்கு ஒண்ணு, மயிலுக்கு ஒண்ணுன்னு எடுத்து அழுத்தி அடிச்சேன். காட்டுமாட்டுக்குக் கறுப்பு. கறுப்பும் மஞ்சளும் என்னைக்கும் என்னைக் கைவிட்டதில்ல.

அலங்காநல்லூர்க்காரர் அவரு காட்டுமாட்டுக்குக் கொம்புல நாலு கலர் அடிச்சு, கழுத்துல மாலையும் போட்டிருந்தாரு.

"அண்ணே, இது காட்டுல இருக்கிற மாடு"ன்னேன்.

"காட்டுல இருந்தா என்னண்ணே? அதுக்கும் பொங்கல் வரும்ல?"ன்னாரு.

இவரே இப்படின்னா நமக்கு எதுவும் ஆகாதுன்னு நிம்மதியா இருந்தேன். அந்த நிம்மதி அஞ்சு நிமிஷம்.

எல்லாப் பேப்பரையும் பேரோட போர்டுல குத்துனாங்க. பிள்ளைங்க திரும்பி வந்துச்சுக. முதல்ல ஒரு சிரிப்பு. அப்புறம் ஹால் பூராச் சிரிப்பு. நானும் சிரிச்சேன். அலங்காநல்லூர் மாட்டுக்குச் சிரிக்கிறாங்கன்னு நெனைச்சேன்.

தர்ஷினி வந்து என் சட்டையை இழுத்தா. "அப்பா, ஏம்ப்பா புலிக்குப் பச்சை அடிச்ச?"

"வேற எதுவும் தப்பா இருக்கா?"ன்னு மெதுவாக் கேட்டேன்.

"யானை ரோஸு. கிளி ஆரஞ்சு. மயிலு ஊதா."

நான் எந்திரிச்சுப் போறதுக்குள்ள ஜெசிந்தா மிஸ் மைக்கை எடுத்துட்டாங்க.

"யாரும் சிரிக்காதீங்க. தர்ஷினி அப்பா எவ்வளவு யோசிச்சுப் பண்ணியிருக்கார் பாருங்க. மானுக்கு ஆரஞ்சு கலர் தெரியாது. அதோட கண்ணுக்குப் புலியும் புல்லு மாதிரி பச்சையாத்தான் தெரியும். அதனாலதான் புலி பக்கத்துல வர்ற வரைக்கும் மானுக்குத் தெரியறதில்ல. சார் மானோட கண்ணுல இருந்து புலியைக் காட்டியிருக்கார்."

ஹாலே கைதட்டுச்சு. மிஸ் என் பேப்பரைப் போட்டோ எடுத்து கிளாஸ் குரூப்ல போட்டாங்க.

அப்ப ஒரு ஒழுங்கான மனுசன் என்ன செஞ்சிருப்பான்? உண்மையைச் சொல்லியிருப்பான். நான் எந்திரிச்சு ஒரு கும்பிடு போட்டேன்.

"சார், இங்க வாங்க. மத்ததையும் பிள்ளைங்களுக்கு விளக்குங்க. யானை ஏன் ரோஸ்?"

போனேன். வேற வழி? "அது வந்து மிஸ், ஈயோட பார்வை."

"ஓ. கிளி?"

"பாம்போட பார்வை."

மிஸ் முகத்துல லேசா ஒரு சந்தேகம் வந்துச்சு. "மயில்?"

"பெண் மயிலோட பார்வை."

முன் வரிசையில ஒரு கண்ணாடி போட்ட பாப்பா கையைத் தூக்குச்சு. "மிஸ், பறவைங்களுக்கு நம்மளைவிட நிறையக் கலர் தெரியும்னு நீங்கதான சொன்னீங்க. அப்ப எப்படி மிஸ் நீலம் ஊதாவாகும்?"

அந்தப் பிள்ளை நல்லா இருக்கட்டும்.

மிஸ்ஸே என்னைக் காப்பாத்துறதா நெனைச்சு கிரேயான் டப்பாவை நீட்டுனாங்க. "அதை அப்புறம் பேசுவோம். சார், புலிக்கு அடிச்ச அந்தப் பச்சையை எடுத்து ஒரு புல்லு வரைங்க. புல்லும் புலியும் ஒண்ணாத் தெரியறதைப் பிள்ளைங்க பாக்கட்டும்."

டப்பாவைப் பாத்தேன். ஒண்ணை எடுத்துப் புலிக்குப் பக்கத்துலயே நல்லா நீளமா ஒரு புல்லு வரைஞ்சேன்.

அப்புறம் அந்தக் கண்ணாடிப் பாப்பா சொல்லுச்சு: "அங்கிள், அது ஆரஞ்சு."

திரும்பித் தர்ஷினியைப் பாத்தேன். சிரிக்கல. நான் அடுத்து என்ன சொல்வேன்னு காத்துக்கிட்டு நின்னா. அம்புட்டுப் பேர் முன்னாடி சொன்ன பொய்யைவிட அந்தப் பார்வையைத்தான் என்னால தாங்க முடியல.

"மிஸ், மானோட பார்வை, பாம்போட பார்வையெல்லாம் கிடையாது. இது என் பார்வை. எனக்குச் சில கலர் தெரியாது. சின்ன வயசுல இருந்தே."

யாரும் சிரிக்கல. அலங்காநல்லூர்க்காரர் மட்டும் பின்னாடி இருந்து, "இதை அப்பவே சொல்லியிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேன்லண்ணே"ன்னாரு. நெசமாவே வருத்தப்பட்டுச் சொன்னாரு.

தர்ஷினி பக்கத்துல வந்தா. "அப்ப என்னையச் சரியாத் தெரியுமாப்பா?"

"ஒன்னையத் தெரியாம இருக்குமாடா? நல்லாத் தெரியும்."

"என் ரிப்பன் என்ன கலர்?"

அன்னைக்கு அவ அம்மா வெள்ளனவே போயிட்டதால நான்தான் சடை போட்டு ரிப்பன் கட்டுனேன். "பச்சை"ன்னேன்.

"ஒண்ணு பச்சை. இன்னொண்ணு சிவப்பு. நீ வேணும்னுதான் அப்படிக் கட்டுனன்னு நெனைச்சேன்."

அதுக்கப்புறம் கலர் அடிக்கிற நிகழ்ச்சியை எல்லாரும் மறந்துட்டாங்க. நாப்பது பிள்ளைங்களும் ஆளுக்கொரு கிரேயானோட என்னைச் சுத்தி நின்னுச்சுக. "இது என்ன கலர் அங்கிள்?" "சிவப்பு." "இல்ல, பிரவுன்." ஒவ்வொரு தப்புக்கும் ஒரு கைதட்டு. காட்டு விலங்குகளைப் பத்திப் படிக்க வந்த எடத்துல உயிரோட இருந்த ஒரே விலங்கு நான்தான். மிஸ் வேற, "மானும் இப்படித்தான் திணறும்"னு ஒவ்வொரு தடவையும் விளக்கம் குடுத்தாங்க.

கேட்டுக்கு வரும்போது போன் அடிச்சுச்சு. கீதா. வளைகாப்பு வீட்ல இருந்தே கூப்புடுறா.

"குரூப்ல என்னங்க அது, பச்சைப் புலி?"

"நேர்ல சொல்றேன்."

வீட்ல வச்சுச் சொன்னேன். அந்தச் சண்டை எங்க சௌராஷ்டிரா பாஷையில நடந்துச்சு. தமிழ்ல கொஞ்சம் மரியாதையா எழுதுறேன்.

"அப்ப ஒம்பது வருஷமா என் சேலையைப் பாத்து மங்களகரமா இருக்குன்னு சொன்னதெல்லாம்?"

"அது சேலையைச் சொல்லல கீதா. கட்டியிருந்த ஆளைச் சொன்னேன்."

நல்ல பதில்னு நெனைச்சேன். ரெண்டு நாள் காபி வரல. மூணாம் நாள் வந்து, "கலர் தெரியலைன்னா என்ன, அதை எங்கிட்டச் சொல்லத் தெரியலையே உங்களுக்கு"ன்னா. அப்புறம் காபி குடுத்தா.

என் மக மட்டும் இதைப் பெரிய பொறுப்பா எடுத்துக்கிட்டா. காலையில பைக்ல பின்னாடி உக்காந்துட்டு, "அப்பா, பச்சை விழுந்துருச்சு, போகலாம்"ங்கிறா. சிக்னல்ல மேல எரிஞ்சா நிக்கணும், கீழ எரிஞ்சா போகணும்னு எனக்கு இருபது வருஷமாத் தெரியும். சொல்லல. அவ சொல்றது கேக்க நல்லா இருக்கு.

ஆனா அவ சிக்னலோட நிறுத்தல. ஆரப்பாளையத்துப் பக்கம் போனா, "அப்பா, சிவப்புக் கலர் லாரி வருது, பாத்துப் போ"ங்கிறா.

எந்தக் கலர் லாரி மோதுனாலும் ஒண்ணுதான்னு அவகிட்ட நான் இன்னும் சொல்லல.