ஸ்வெட்டர் பொய் சொல்லாது

இந்த வருஷம் ரோமம் வெட்டும் நாளில் வியாதியாகப் படுத்துக்கொள்வது என்று தீர்மானம் செய்தேன். சாகிற அளவுக்கு வேண்டாம். ஊர் மரியாதையாக விசாரித்துவிட்டுப் போகிற அளவுக்கு ஒரு கௌரவமான வியாதி. எங்கள் மலை வழக்கப்படி கோக்கா இலையை ஊதி மலைச்சாமிக்கும் தகவல் சொல்லிவிட்டேன்.

காரணம், ஜெனரல். எங்கள் மந்தையிலுள்ள கடா அல்பாக்கா; ஒட்டகம் மாதிரி நீளக் கழுத்தும் ஆடு மாதிரி ரோமமும் உள்ள மலை மிருகம். மற்றவற்றைப் பிடித்துச் சாய்த்தால் ஒரு முனகல் முனகிவிட்டுக் கிடக்கும். ஜெனரல் அப்படியில்லை. காதைப் பின்னால் மடக்கும், கழுத்தை நீட்டும், அரைத்து வைத்திருக்கும் பச்சைப் புல்லை என் மூஞ்சியில் துப்பும். போன வருஷம் நான் "பிடி, பிடி!" என்று வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்த சமயமாகப் பார்த்துத் துப்பியது. ஊரே பார்த்துச் சிரித்தது. அப்புறம் ரொம்ப நாளைக்கு எதைத் தின்றாலும் புல் ருசிதான்.

அதைப் பிடிக்கும் வேலையை என் மனைவி சாத்தூர்னினா எனக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறாள். வேறு யார் பிடித்தாலும் அதற்குப் பிடிக்காதாம்.

எங்கள் ஆண்டீஸ் மலையில் நயமான ரோமத்தைப் பெண்கள் நூற்பார்கள். முரட்டு ரோமத்தில் ஆண்கள் கயிறு திரிப்போம். நான் இரண்டு விதமாகவும் கயிறு திரிப்பேன். ஆனால் காய்ச்சல் என்றால் சாத்தூர்னினா நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். வயிற்றுவலி என்றால் தட்டைப் பார்ப்பாள். அது வழித்துத் துடைத்தாற்போல இருக்கும். என்ன வியாதிதான் மிச்சம்?

பக்கத்து வீட்டு நெமேசியோதான் வழி சொன்னான். அவன் எங்கள் ஊருக்கு அரைகுறை வைத்தியன்.

"மச்சான், உன் ஸ்வெட்டர் அல்பாக்காதானே?"

"ஆமா. அவ பின்னினது."

"ஆட்டுக் கம்பளின்னா சுருட்டை இருக்கும். இழுத்து விட்டா பழைய இடத்துக்கே ஓடிடும். அல்பாக்காவுக்கு அது கிடையாது. நனைச்சுத் தொங்கவிட்டா இழுத்த இழுப்புக்கு வரும். அப்படியே நின்னுடும்."

"என்னை மாதிரின்னு சொல்லு."

"தினம் நனைச்சு, கீழே கல்லைக் கட்டித் தொங்கவிடு. ஸ்வெட்டர் வளரும். போட்டுக்கிட்டா நீ இளைச்ச மாதிரி இருக்கும்."

அடடா! இவனல்லவா வைத்தியன்!

பட்டிக்குப் பின்னால் தினமும் கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். நல்ல ஸ்வெட்டர் அது. எடையே தெரியாது, உறைபனிக்கும் அசையாது, உடம்பில் உறுத்தாது. தவிட்டு நிறம், அல்பாக்கா பிறந்த நிறம். சாயமே போடாததால் என் சாயமும் வெளுக்காது என்று தைரியமாக இருந்தேன்.

ஸ்வெட்டரின் கை என் விரலைத் தாண்டியது. விளிம்பு தொடைக்கு இறங்கியது. சாத்தூர்னினா முன்னால் போய்த் தள்ளாடி நின்றேன்.

"என்னைக் கொஞ்சம் பாரேன்."

"பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன், கல்யாணமான நாள்லேர்ந்து."

"நான் சுருங்கிக்கிட்டே வர்றேன்டி. ஸ்வெட்டர் எப்படித் தொளதொளங்குது பாரு."

தக்ளியை நிறுத்தினாள். விளிம்பைப் பிடித்துத் தடவினாள். கல் கட்டின இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது.

"கன்னம் அப்படியேதானே இருக்கு? தொப்பையும் இருக்கு?"

"அது வீக்கம். நான் பொய் சொல்வேன், ஸ்வெட்டர் பொய் சொல்லுமா? நீயே அளவெடுத்துப் பின்னினது!"

"சொல்லாதுங்க, சொல்லாது. ஐயோ, எம் புருஷனுக்கு என்னமோ ஆயிடுச்சே!"

அவள் போட்ட கூச்சலில் எனக்கே அழுகை வந்துவிட்டது. இவ்வளவு பாசக்காரியை ஏமாற்றுகிறோமே! அல்பாக்கா உறுத்தவில்லை, மனசு உறுத்தியது. அதை ஒரு தட்டு உருளைக்கிழங்கோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

அவள் ஓடிப்போய் வைத்தியனைக் கூட்டிவந்தாள். எங்கள் வழக்கப்படி பெருச்சாளி அளவுள்ள ஒரு கினிப்பன்றியை என் உடம்பெல்லாம் தேய்த்து நெமேசியோ வியாதி பார்த்தான். நான் கண்ணடித்தேன். அவன் சாத்தூர்னினாவைப் பார்த்தான். சாத்தூர்னினா ரோமம் வெட்டுகிற பெரிய கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ம்... பயத்துல ஆவி உடம்பை விட்டு இறங்கிடுச்சு," என்றான். "பட்டினி போட்டாத்தான் திரும்பி வரும். கிழங்கு கூடாது. கறி கூடாது. சிச்சாக் கள்ளு வாசனைகூட ஆகாது. கசப்புத் தழையைக் கொதிக்க வெச்சுக் குடுங்க."

"அடப்பாவி! இளைச்சவனை எவனாவது பட்டினி போடுவானா?"

"வைத்தியன் நீயா, நானா?"

பசிலியோ என்று பேரிலேயே பசியை வைத்துக்கொண்டிருக்கிற ஆள் நான். எனக்குக் கசப்புத் தண்ணீர். வைத்தியனுக்கு வேறொரு கினிப்பன்றியை மொறுமொறுவென்று வறுத்துக் கிழங்கோடு வைத்தாள். என் படுக்கைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, நோயாளியைக் கவனித்தபடி எலும்பு வரை தின்றான்.

ஆனாலும் ஜெனரலுக்குத் தப்பித்தோமே என்று வயிற்றை இறுக்கிக்கொண்டு கிடந்தேன். ரோமம் வெட்டுவதற்கு முதல் நாள், "நோயாளி அழுக்குத் துணியோட கிடக்கக் கூடாது" என்று ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டு போனாள். அடுப்படியில் தண்ணீர் கொதித்தது. தொம்தொம் என்று கசக்குகிற சத்தம் கேட்டது. கணவனுக்காக என்னமாய் உழைக்கிறாள் என்று நெகிழ்ந்துபோனேன்.

மறுநாள் காலையில் அவளே ஸ்வெட்டரை மாட்டிவிட்டாள். தலை நுழையவில்லை. அமுக்கினாள். நுழைந்தது. கை முழங்கையோடு நின்றது. தொப்புள் உலகத்தைப் பார்த்தது.

"என்னடி இது?"

வாசலைப் பார்த்துக் கைதட்டினாள். "எல்லாரும் வாங்க! எம் புருஷன் தேறிட்டார்! எப்படிப் பெருத்துட்டார், வந்து பாருங்க!"

"அடியே, கொதிக்கிற தண்ணியில போட்டுக் கசக்கியிருக்கே! வெந்நீர்ல கசக்கினா அல்பாக்கா சுருங்கும்னு குழந்தைக்குக்கூடத் தெரியும்!"

"அப்படிங்களா? வெந்நீர்ல கசக்கினா சுருங்கும். நனைச்சுத் தொங்கவிட்டா?"

இரண்டு கையாலும் தொப்புளை மூடினேன்.

"சொல்லுங்க. கல்லைக் கட்டித் தொங்கவிட்டா என்ன ஆகும்?"

வாசலில் ஊரே கூடியிருந்தது. நெமேசியோ வானத்தில் மேகம் எண்ணிக்கொண்டிருந்தான்.

"ஸ்வெட்டர் பொய் சொல்லாது," என்றேன். "நான் தேறிட்டேன்."

"அதானே! எழுந்திரிங்க, ஜெனரல் காத்துக்கிட்டிருக்கு."

ஸ்வெட்டரை உரித்தெடுத்து, முந்தாநாள் பிறந்து குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டிக்கு மாட்டினாள். அளவு கச்சிதம். ஜெனரலின் குட்டிதான் அதுவும்.

பட்டிக்குள் போனேன். ஜெனரல் காதை மடக்கியது, கழுத்தை நீட்டியது. எனக்கும் அனுபவம் உண்டு. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நெருங்கினேன். என்ன ஆனாலும் வாயைத் திறப்பதில்லை.

அப்போது பின்னாலிருந்து சாத்தூர்னினா பாசமாகக் கேட்டாள்: "ஏங்க, பசிக்குதா?"

பட்டினி கிடந்தவன் எதைத்தான் யோசிப்பான்? "ஆமா!" என்றேன்.

வாய் நிறையக் கிடைத்தது.